எட்டு எம்.எம். பிரிக்கத் தெரிந்த கண்ணே, பிள்ளையின் கையைப் பார்!

போடியில் ஏலக்காய் பொறுக்கும் பெண்ணுக்கு யாரும் ஸ்கேல் கொடுப்பதில்லை. தரையில் குவித்த காய்க்குள் கை போகும். எட்டு எம்.எம். தனி, ஏழு தனி, வெடித்தது தனி, வெளுத்தது தனி. சல்லடை தவறவிட்டதை அவள் விரல் பிடித்துவிடும். மேலே ஏலக்காட்டில் செடியின் தூரில் குத்தவைத்துக் காய் எடுக்கிறவளுக்கும் அதே கண்தான். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்தே கிடக்கும். முற்றியதை மட்டும் கிள்ளிப் பிஞ்சை அடுத்த எடுப்புக்கு விட்டுவைக்க வேண்டும். தப்பினால் கங்காணி சத்தம் போடுவார். போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறதே, அங்கே திரையில் விலை ஓடுவதற்கு முன்னால் அந்தக் காயின் மேல் உன் கண் ஓடியிருக்கிறது.

அந்தக் கண்ணைத்தான் கேட்கிறேன், தங்கச்சி. உன் பிள்ளையின் கையை அது எப்போதாவது அளந்து பார்த்திருக்கிறதா?

முகத்தைப் பார்க்காதே, முகம் ஏமாற்றும். மை தீட்டிப் பொட்டு வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் களை வந்துவிடும். கையைப் பார். இடது கையில் தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் சரிபாதியில், கை தளர்ந்து தொங்கும்போது டேப்பைச் சுற்று. இறுக்காதே, தொளதொளவென்றும் விடாதே. தையல்காரரிடம் இருக்கும் டேப்பே போதும். ஆறு மாதம் முடிந்து ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு அந்தச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். 12.5-க்குக் கீழே வந்துவிட்டால் பிள்ளை இளைக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். 11.5-க்கும் கீழே போய்விட்டால் உன் பிள்ளை நோயாளி. அது 115 எம்.எம். ஒரு எம்.எம். என்றால் எவ்வளவு என்று உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பார். இரண்டு பாதங்களின் மேல்பக்கமும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திவிட்டு எடு. குழி விழுந்து அப்படியே நின்றால் பிள்ளை உடம்பில் நீர் கோத்திருக்கிறது. "பிள்ளை கொழுகொழுன்னு இருக்கான்" என்று ஊர் கொஞ்சும். கொஞ்சட்டும். நீ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. டேப் என்ன காட்டினாலும் சரி, இரண்டு பாதத்திலும் குழி விழுந்தால் அதுவே கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு.

இதற்கு ஊரில் எத்தனை பெயர்! "சவலை பாஞ்சிருச்சு, வயித்துல அடுத்தது இருக்குல்ல" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. "அவங்க அப்பனும் சின்னதுல இப்படித்தேன் இருந்தான்" என்பாள் மாமியார். "பார்வை பட்டிருக்கு, மந்திரிச்சுட்டு வா" என்பார் டீக்கடைத் தாத்தா. மந்திரித்துக்கொள், நான் தடுக்கவில்லை. ஆனால் போன மாதம் கையில் கட்டிய கயிறு இந்த மாதம் முழங்கை வரைக்கும் நழுவுகிறதா என்று மட்டும் பார். நழுவினால் இளைப்புக்கு அந்தக் கயிறே சாட்சி.

தோஷம் என்று சொல்லும்போது யாரும் உன்னைக் குற்றம் சொல்வதில்லை, அதனால் அது வசதியாக இருக்கிறது. ஊட்டச்சத்துக் குறை என்று டாக்டர் சொன்னதும் "சோறு போட வக்கில்லையா?" என்று யாரோ கேட்பது போல் உன் காதில் விழுகிறது. தலை குனிந்துவிடுகிறது. சேலைத் தலைப்பால் பிள்ளையின் காலை மூடிக்கொள்கிறாய். அங்கன்வாடியில் எடை போடும் நாளில் "பிள்ளை தூங்குது டீச்சர்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாய். இந்த நோய்க்குத் தீனி போடுவதே அந்த வெட்கம்தான். அதை இன்றைக்கே குப்பையில் போடு! காய்ச்சல் வந்த பிள்ளையை மூடி மறைப்பாயா? பாம்பு கடித்தால் ஊருக்குத் தெரியக்கூடாது என்று இருப்பாயா? நன்றாக இருக்கும் பிள்ளையோடு ஒப்பிட்டால் கடும் குறைபாட்டில் இருக்கும் பிள்ளை இறந்துபோகும் ஆபத்து பத்து மடங்கு வரை அதிகம் என்கிறது மருத்துவம். பேதியும் சளியும் நிமோனியாவும் வந்து கொண்டுபோகும், சாவுக் காரணம் என்று அவற்றின் பெயரை எழுதுவார்கள். வழி திறந்துவிட்டது இளைப்பு.

நீ மட்டும்தான் இப்படி என்று நினைக்காதே. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 5.5 சதவீதம் பேர் உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் மிகக் கடுமையாக இளைத்திருந்தார்கள். ஏறக்குறைய பதினெட்டுப் பிள்ளைக்கு ஒன்று. நாடு முழுவதும் 7.7 சதவீதம். ரேஷனில் விலையில்லா அரிசி போடும் மாநிலம் இது, மதிய உணவை உலகுக்குக் காட்டிய மாநிலம். இங்கேயே பதினெட்டில் ஒன்று என்றால், வெட்கப்பட வேண்டிய வரிசையில் உனக்கு முன்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள். நீ தள்ளி நில்.

மலை அடிவாரத்தில் இந்த இளைப்பு எப்படி நுழைகிறது என்று உனக்கே தெரியும். விடியுமுன் தெருமுனையில் ஜீப் ஹாரன் அடிக்கும். போடிமெட்டு வளைவுகளை ஏறிப் பூப்பாறைப் பக்கமோ ராஜகுமாரிப் பக்கமோ போய் இறங்கினால், திரும்ப வீடு சேரும்போது விளக்கு வைத்த நேரம். பால் குடிக்கும் பிள்ளை அம்மாச்சியிடம். அம்மாச்சிக்குக் கண்ணும் சரியில்லை, காலும் சரியில்லை. அழுதால் டீயில் நனைத்த வருக்கி, இல்லாவிட்டால் ஐந்து ரூபாய் பிஸ்கட். சோற்றில் ரசத்தை ஊற்றி மேலாக்க நாலு கரண்டி. பகல் முழுக்கக் கட்டிக்கொண்ட பால் உன் மாரில் வலிக்கும், பிள்ளை அங்கே தண்ணீர் கலந்த புட்டிப் பாலைச் சப்பிக்கொண்டிருக்கும். புட்டி கழுவிய தண்ணீரால் பேதி. பேதி நின்றதும் "வயிறு கெட்டிருக்கு, ஒண்ணும் குடுக்காதே" என்று பட்டினி. எடுப்புக் காலம் முழுக்க இப்படி இரண்டு மூன்று சுற்று வந்தால் போதும், டேப் 11.5-க்குக் கீழே இறங்கிவிடும். கொட்டகுடி, குரங்கணிப் பக்கம் குடிகளில் இருக்கும் முதுவர், பளியர் வீட்டுத் தாய்க்கு இதற்கு மேல் மலைப்பாதையும் இருக்கிறது. அவளுக்கு அங்கன்வாடி, ஆஸ்பத்திரி எல்லாம் நடைக் கணக்கு, மழைக் கணக்கு.

இதில் எந்த இடத்தில் உன் அன்பு குறைந்தது, சொல்! குறைந்தது நேரமும் கெட்டியான சோறும்தான். சோறு விஷயத்தில் ஒரு பெரிய மனிதரைச் சொல்ல வேண்டும். சேலத்தில் 1918-ல் பிறந்தவர் சி. கோபாலன். குன்னூரில் இருந்த, பிறகு ஐதராபாத்துக்கு மாறிய சத்துணவு ஆய்வுக்கூடத்தில் இப்படி வற்றியும் வீங்கியும் வந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவர். அந்தக் காலத்தில் உலகமே புரதம் புரதம் என்று கத்திக்கொண்டிருந்தது. ஏழை நாட்டுப் பிள்ளைக்குப் புரதப் பவுடர் செய்து அனுப்ப வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். கோபாலனும் அவர் கூட்டாளிகளும் பிள்ளைகள் உண்மையில் தின்றதை அளந்து பார்த்தார்கள். வீட்டில் சாப்பிடுகிற அதே சோறும் பருப்பும்தான், அளவுதான் போதவில்லை. இருக்கிற சாப்பாட்டையே வயிறு நிறையக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைக்குப் புரதமும் சேர்ந்து கிடைத்துவிடும் என்று சொன்னார்கள். கோபாலன் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2019-ல் மறைந்தார். டி.வி.யில் டப்பா பவுடர் விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. அந்த ஒரு டப்பா விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கடைக்காரரையே கேட்டுப்பார்.

பிள்ளையின் வயிறு சின்னது. தண்ணிக் கஞ்சி அதை நிறைத்துவிடும், உடம்பில் ஒட்டாது. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சேர்த்துக் கெட்டியாகக் கொடு. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் மெதுவாக விழ வேண்டும், அதுதான் பதம். கேப்பைக் கூழோ அங்கன்வாடிச் சத்துமாவோ, பருப்புக் கடைந்த சோறோ, எதுவானாலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விடு. வறுத்த நிலக்கடலையை மாவாகப் பொடித்துப் போடு. முருங்கைக் கீரை போடு, முட்டை கிடைத்த நாளில் முட்டையை மசித்து ஊட்டு. மூன்று வேளை போதாது, பெரியவர்கள் மூன்று தரம் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஐந்து தரம். பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல், கூடவே பதினான்கு நாள் ஜிங்க் மாத்திரை, சாப்பாட்டை நிறுத்தாதே. நோய் தெளிந்த பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாகப் போடு. தாய்ப்பாலை இரண்டு வயது வரைக்கும் விடாதே. ஜீப் ஏறுமுன் ஒரு தரம், இறங்கியதும் ஒரு தரம், ராத்திரி முழுக்க அவன் கேட்கும்போதெல்லாம்.

ஆனால் இதெல்லாம் இளைக்கத் தொடங்கிய பிள்ளைக்கும், இனி இளைக்கவே கூடாது என்று காக்கும் பிள்ளைக்கும் உரியது. டேப் 11.5-க்குக் கீழே போய்விட்ட பிள்ளைக்கு வீட்டுச் சமையலை மட்டும் நம்பாதே. அங்கன்வாடிக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. பிள்ளைக்குப் பசி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பசி எடுத்து, காய்ச்சலும் வீக்கமும் இல்லாமல் சுறுசுறுப்பாக இருந்தால் சிகிச்சைக்கான தனி உணவோடு வீட்டிலேயே வைத்துத் தேற்றலாம். பசியே இல்லை, பாதத்தில் குழி, சோர்ந்து கிடக்கிறது என்றால் படுக்கை போட வேண்டும். போடி அரசு மருத்துவமனையோ க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எங்கே அனுப்பினாலும் போ.

அங்கேதான் உன் மன உறுதிக்குப் பரீட்சை. முதல் நாள் நர்ஸ் கையில் கொஞ்சம் பால் தருவார். தண்ணியாக, இனிப்பாக இருக்கும். "இம்புட்டுப் பாலா? எம்புள்ள பசியோட கெடக்கு" என்று உனக்குக் கோபம் வரும். பொறு. அது அளந்து கலந்த பால், எஃப்-75 என்று பெயர், 100 மில்லியில் 75 கலோரி. நாட்கணக்காகப் பட்டினி கிடந்த உடம்பு ஈரலின் வேலையையும் இதயத்தின் வேலையையும் குறைத்து வைத்திருக்கிறது. அதற்குள் ஒரேயடியாக இட்லியும் கறியும் இறங்கினால் ரத்தத்து உப்புகள் தடம் புரண்டு பிள்ளை உயிருக்கே ஆபத்து. சத்து டானிக் கேட்காதே, இரும்புச் சத்தை முதல் வாரம் தர மாட்டார்கள். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்லியும் சண்டை போடாதே, அந்தப் பலவீனமான இதயம் அதைத் தாங்காது. இரண்டு மணிக்கு ஒரு தரம் அந்தச் சின்னக் கிண்ணம், ராத்திரியிலும். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நாலு. எழுந்து ஊட்ட வேண்டியவள் நீதான். தலையில் குல்லாய் போட்டு உன் நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொள். அந்தச் சூடும் வைத்தியம்தான். ராத்திரி இரண்டு மணி வேளை தவறினால் சர்க்கரை இறங்கிவிடும், குளிர் ஏறிவிடும். விடிவதற்குமுன் ஜீப்புக்கு எழுந்த உடம்பு உன்னுடையது. இந்த வார்டில் உன்னளவுக்கு விழித்திருக்கப் பழகியவர் யார்?

சில நாளில் பசி திரும்பும். கிண்ணத்தைப் பார்த்துப் பிள்ளை கையை நீட்டும். அப்போது கெட்டியான பாலுக்கு மாற்றுவார்கள், 100 மில்லியில் 100 கலோரி. பிறகு பார் ஓட்டத்தை! ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 கிராம் ஏறினால் நல்ல தேற்றம். ஆறு கிலோப் பிள்ளை ஒரே நாளில் 60 கிராம் ஏறும். 60 கிராம் ஏலக்காய் என்ன விலை என்று உனக்குத் தெரியும், இந்த 60 கிராமுக்கு விலை சொல்லிப்பார். உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துப் படிகளில் பிள்ளையோடு விளையாடுவதும் ஒரு படி. கிலுகிலுப்பை ஆட்டு, பாடு, கண்ணாமூச்சி காட்டு. வாரக்கணக்கில் சிரிப்பே மறந்துபோன பிள்ளை ஒரு நாள் உன்னைப் பார்த்துச் சிரிக்கும். டாக்டர்கள் அதையும் தேறுவதற்கான அடையாளமாகக் குறித்துக்கொள்வார்கள்.

பாதியில் ஓடிவராதே! மூன்றாம் நாள் வீக்கம் வடிந்ததும் "சரியாயிருச்சு" என்று துணியைச் சுருட்டும் தாய்மார்கள் உண்டு. வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறது, கூலி போகிறது, புருஷன் போன் மேல் போன் போடுகிறான். எல்லாம் உண்மைதான். போனை அவனிடமே திருப்பு: "நீ வந்து ஒரு ராத்திரி ஊட்டு, நான் போய்ச் சோறாக்கிட்டு வாரேன்" என்று சொல். சொல்லத் தைரியம் வராதா? வரும்.

தைரியம் பற்றிச் சந்தேகம் இருந்தால் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பார். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் போனஸைக் குறைத்ததற்காக ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே மேடைக்கு வராதே என்று விரட்டினார்கள். பொம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு, கேட்ட 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். கொழுந்து கிள்ளும் கைகள் அவை, உன்னுடையதைப் போலவே காய்த்துப்போனவை. போனஸுக்கு உட்காரத் தெரிந்த இனம் பிள்ளையின் சோற்றுக்குக் கேட்க மாட்டாதா?

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளைக்கு நாளுக்கு 800 கலோரியும் 20 முதல் 25 கிராம் புரதமும் அங்கன்வாடி வழியாக இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. யாரோ பரிதாபப்பட்டுத் தருவது என்று கையேந்தாதே, வாங்கு. பாலூட்டும் தாய்க்குப் பிள்ளையின் பதினைந்தாம் மாதம் வரை வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்றது 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம். ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளை காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. ஆனால் ஜீப்பில் வந்து ஜீப்பில் போகும் உனக்கு வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில் மலை மட்டும் இல்லை, உன் பிள்ளையும் இருக்கிறது. தோட்டக்காரரோ சின்னத் தோட்டம் என்பார், கணக்கில் ஆள் கம்மி என்பார். எனக்கு இந்தச் சாக்கு பிடிப்பதில்லை. ஒரே தெருவிலிருந்து மூன்று ஜீப் பெண்கள் போக முடிகிறது என்றால், அந்தத் தெருவில் விடியற்காலையிலேயே திறக்கும் ஒரு காப்பகமும் முடியும். கிராம சபையில் எழுந்து கேள். தனியாக எழ வேண்டாம், மூன்று ஜீப்பும் சேர்ந்து எழுங்கள்.

"நான் படிக்காதவ, நான் என்னத்தக் கண்டேன்" என்று இன்னும் சொல்வாயா? ஆப்பிரிக்காவில் நைஜர் என்று ஒரு வறண்ட நாடு. அங்கே எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களிடம் மூன்று வண்ண டேப்பைக் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களுக்குச் சமமாகத் தாய்மார்கள் அளந்தார்கள். அதோடு நோய் முற்றுமுன்பே கண்டுபிடித்ததால் படுக்கை போட வேண்டிய பிள்ளைகள் குறைந்தார்கள். நைஜர் வரைக்கும் ஏன் போக வேண்டும்? 1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது பழைய மதுரை மாவட்டம் அதில் இருந்தது. போடியும் அன்றைக்கு மதுரை மாவட்டம்தான். மாதாமாதம் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் மூன்று மாதம் லட்டு கொடுத்துத் தேற்றினார்கள். அந்த வேலைக்கு யாரைத் தேடினார்கள் தெரியுமா? அந்த ஊரிலேயே இருக்கும் ஏழைப் பெண்ணை, ஆனால் தன் பிள்ளைகளை நோயில்லாமல் வளர்த்தவளை. அவளைத்தான் ஊருக்கு வாத்தியாராக்கினார்கள். பிற நாட்டு வல்லுநர்கள் வந்து அவளிடம் பாடம் எழுதிக்கொண்டு போனார்கள்.

இப்போது 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் நடக்கிறது. 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கியது, 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டத்தில் இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தில் கடும் குறைபாட்டில் இருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு மேல் தேறினார்கள் என்று அரசு அறிவித்தது. ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளை இளைத்திருந்தால் தாய்க்கே நெய்யும் பேரீச்சையும் சத்துமாவும் அடங்கிய பெட்டகம் தருகிறார்கள். உன் அங்கன்வாடி டீச்சரிடம் கேள். எடை போடும்போது சும்மா நிற்காதே. "எத்தனை கிலோ டீச்சர்? போன மாசம் எத்தனை? உயரத்துக்கு இந்த எடை சரியா?" மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் வரும் வரை இடத்தை விட்டு நகராதே. கை 12.5-ஐத் தொட்டு, அடுத்த முறை அளக்கும்போதும் அங்கேயே நிற்கும் வரை சிகிச்சை முடியவில்லை. "நல்லாத்தான் இருக்கான்" என்று யார் சொன்னாலும் டேப்பை எடு.

உன் பிள்ளை தேறிய பிறகு டேப்பைப் பெட்டிக்குள் போட்டுவிடாதே. தோட்டத்து லயத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒருத்தி இருப்பாள், இடுப்பில் ஒரு பிள்ளை. நிரை பிடித்துக் காய் எடுக்கும்போது உன் பக்கத்து நிரையில் நிற்பவள் அவள். அவளுக்குத் தமிழும் வராது, மலையாளமும் வராது. இங்கே அங்கன்வாடி இருப்பதே அவளுக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளையின் இடது கையைச் சுற்றிப் பார். 11.5-க்குக் கீழே என்றால் லீவு நாளில் அவளை நீயே அங்கன்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போ. பிள்ளை பெயரைப் பதியச் சொல். "இவங்க வெளியூர்" என்று யாராவது இழுத்தால், பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளைதானே என்று கேட்டுவிட்டு, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைச் சொல்.